சாலைக்கு மேலே ஒரு பூங்கா

தருமபுரிப் பக்கம் வந்திருக்கும் சகோதரிகளுக்கு எங்கள் பைபாஸ் ரோட்டைப் பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரியில் போய் முடிகிற 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை அது. (பழைய ஆட்கள் இன்னும் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்வார்கள். 2010-ல் நம்பரை மாற்றிவிட்டார்கள்.) கிருஷ்ணகிரியிலிருந்து காரிமங்கலம், தருமபுரி வழியாக வந்து, தொப்பூர் கணவாயில் இறங்கி சேலம் போகிறது. நடுவே அரளிச் செடி வரிசை, இரு புறமும் வழவழவென்று தார் ரோடு. காரில் போகிறவர்களுக்குச் சொர்க்கம்தான்!

ரோட்டை ஒட்டிக் குடியிருக்கிறவர்கள் பாடு வேறு. காரிமங்கலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள எங்கள் கிராமத்தில் வீடுகள் பெரும்பாலும் ஒரு புறம். ரேஷன் கடை, பால் சொசைட்டி, மாரியம்மன் கோயில் எல்லாம் மறு புறம். நாலு வழிச் சாலை ஆவதற்கு முன்னால், லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒரே எட்டில் போய்விடுவோம். இப்போது முக்கால் கிலோமீட்டர் நடந்து, பாலத்தடியில் புகுந்து, மறுபடி அதே தூரம் திரும்பி நடக்கவேண்டும். என் மாமியாரின் கூடப்பிறந்த தங்கை எதிர்ப்புறத்தில்தான் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் மாடியில் நின்றால் அவர் வீட்டுக் கொடியில் காயும் புடவை தெரியும். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எப்படி நடப்பது? "எதிர் வூட்டுல இருக்கறவகிட்ட போன் போட்டுப் பேசற காலம் வந்துடுச்சே" என்பார் அத்தை. புடவையைப் பார்த்துத்தான் தங்கை நடமாடுகிறாளா என்று தெரிந்துகொள்கிறார்.

2024-ல் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்துக்குப் போயிருந்தேன். பத்தியச் சாப்பாடு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு ஒரு நாள் குழந்தையைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, கிளைட் வாரன் பூங்காவுக்கு என்னை அழைத்துப்போனாள்.

பச்சைப்பசேல் என்று புல்வெளி. தண்ணீர் பீச்சும் இடத்தில் பிள்ளைகள் நனைந்து கூத்தடிக்கிறார்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து படிக்கப் புத்தகங்கள். நாய்களுக்குக்கூடத் தனி இடம்! நுழைவுக் கட்டணம் கிடையாது.

"அக்கா, இப்ப நீ எதுமேல நிக்கிறே, சொல்லு பார்ப்போம்?"

"புல்லு மேலதான்."

"ரோட்டு மேலே! உன் காலுக்குக் கீழே எட்டு லேன் ஹைவே ஓடுது."

நம்பாமல் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அம்மாடி! சாரிசாரியாகக் கார்கள் எங்கள் காலடிக்குள் நுழைந்து மறைகின்றன. மறு ஓரத்தில் வெளியே வருகின்றன.

உட்ரோ அல்ல, உடால் ராஜர்ஸ் என்று அந்தச் சாலைக்குப் பெயர். வாயில் நுழைய எனக்கு ஒரு நாள் ஆயிற்று. 1983-ல் ஊரின் நடுவே பள்ளம் வெட்டிப் போட்டார்கள். ஒரு கரையில் அருங்காட்சியகமும் ஆபீஸ்களும், மறு கரையில் குடியிருப்பு. நடந்து போக நினைத்தவர்களுக்கு நடுவில் அகழி மாதிரி! கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்து, 2012 அக்டோபரில், அந்தப் பள்ளத்தின் ஒரு பகுதியை மூடி, ஐந்து ஏக்கருக்குப் பூங்கா போட்டுவிட்டார்கள். அரசுப் பணத்தோடு தனியார் நன்கொடையும் சேர்ந்து சுமார் 11 கோடி டாலர் ஆனதாம்.

அண்டாவுக்குத் தட்டுப் போட்டு மூடுகிற கதைதான். ஆனால் தட்டின்மேல் மரம் வளரவேண்டுமே! கான்கிரீட் உத்தரங்களைக் கொத்துக் கொத்தாக அடுக்கி, கொத்துகளுக்கு நடுவே தொட்டி மாதிரி பள்ளம் விட்டிருக்கிறார்கள். மண்ணும் மர வேரும் அதற்குள். மற்ற இடத்தில் எல்லாம் மண்ணைக் கொட்டினால் பாரம் தாங்காது என்று, டி.வி. பெட்டிக்குள் வருமே தெர்மகோல், அந்த மாதிரி கட்டிகளை அடியில் நிரப்பி, மேலே மண் பரப்பியிருக்கிறார்கள். எந்தப் புண்ணியவான் மூளையோ!

அதே ஊரில் ஓக் கிளிஃப் என்று ஒரு பகுதி. 1950-களில் போட்ட நெடுஞ்சாலை அதை இரண்டாகப் பிளந்தது. கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்கள் ஓரமாக ஒதுங்கிப்போயின. நான் போன சமயம், மிருகக்காட்சி சாலை பக்கத்தில் அங்கேயும் ஒரு மூடி கட்டிக்கொண்டிருந்தார்கள். வசதியானவர்கள் பக்கம் முதலில், இவர்கள் பக்கம் பிறகு. எங்கும் அப்படித்தான் போலிருக்கிறது! பூங்கா வந்தால் வாடகை ஏறிவிடுமோ என்ற பயமும் இந்த மாதிரி இடங்களில் உண்டாம். தங்கை சொன்னாள். நியாயமான பயம்தான்.

"நம்ம ஊர்லயும் இப்படி மூடிடலாமே" என்று கேட்பீர்கள். முடியாது. சாலை பள்ளத்தில் ஓடினால்தான் மூடி போடலாம். எங்கள் பக்கம் ரோடு மேட்டில் ஓடுகிறது. தொப்பூரில் மலையைக் குடைந்து போட்ட இடத்தை மூடினால் குரங்குகள்தான் சந்தோஷப்படும்! மேட்டில் ஓடும் சாலைக்கு வழி அடியில்தான். இதே 44-ம் எண் சாலையில், மகாராஷ்டிராவின் பெஞ்ச் காட்டுப் பகுதியில், சாலையை உயர்த்தி, மிருகங்கள் அடியில் கடக்க ஒன்பது இடங்களில் வழி விட்டிருக்கிறார்கள். புலியும் மானும் அதில் போய்வருவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. புலிக்குப் பார்த்துப் பார்த்துச் செய்யும்போது, பால் கேனோடு போகிற பெண்ணுக்கும் செய்யலாம் அல்லவா?

எங்கள் பாலத்தடி இருட்டு. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். ஆறு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை அனுப்பப் பயம். ஊர் திரும்பியதும் மகளிர் குழுவில் இதைப் பேசினேன். அந்த வருஷம் அக்டோபர் 2-ம் தேதி கிராம சபையில் எட்டுப் பேர் எழுந்து மூன்றே மூன்று கேட்டோம்: விளக்கு, தண்ணீர் வடியக் கால்வாய், வண்டிகள் இடிக்காமல் நடக்க ஒரு பக்கம் மேடை. தீர்மானப் புத்தகத்தில் எழுதியதைக் கூடவே நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

விளக்கு வந்து எரிகிறது. மேடைக்கு அளந்துகொண்டு போயிருக்கிறார்கள். கால்வாய்க்குத்தான் இன்னும் பதில் இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் மறுபடி மனு எழுதவேண்டும்.