ஒரு பழியும் அதன் ரசிகர்களும்

நீண்ட காலம் நடக்கும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஆண்டுவிழாச் சிறப்புப் பகுதி என்றால், பழைய நடிகர்களை ஒருமுறை தலைகாட்டச் செய்து கைதட்டல் பெறும் சடங்கு என்றே பொதுவாக எண்ணத் தோன்றும். பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' என்னும் அறிவியல் புனைவுத் தொடர், தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2013 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பிய 'தி டே ஆஃப் த டாக்டர்' அந்தச் சடங்கையும் குறைவறச் செய்தது. ஆனால் அதைப் பார்த்த ரசிகர்களிடையே எழுந்து இன்றளவும் ஓயாத வழக்கு சடங்கைப் பற்றியதன்று. ஒருவன் செய்த கொடுஞ்செயலை, அதற்காக அவன் நெடுங்காலம் வருந்தித் தீர்த்த பின்னர், 'அது நடக்கவே இல்லை' என்று கதாசிரியன் மாற்றி எழுதலாமா? இதுவே வழக்கு. இலக்கியம் பயில்வோர் காதுகொடுத்துக் கேட்க வேண்டிய வழக்கு என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

தொடரை அறியாத நண்பர்களுக்காகச் சில செய்திகள். இதன் முதல் பகுதியை பி.பி.சி. 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை ஒளிபரப்பியது. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். அந்தச் செய்தியின் நிழலில் முதல் பகுதி பலர் கவனத்துக்கு வராமற்போகவே, அடுத்த வாரம் இரண்டாம் பகுதிக்கு முன்பாக அதை மீண்டும் காட்டினார்கள். தொடரைக் கருக்கொண்டவர்களுள் முதன்மையானவர் கனடாவிலிருந்து வந்த சிட்னி நியூமன். தயாரிப்பாளர், அப்போது இருபத்தெட்டு வயதுகூட நிரம்பாத வெரிட்டி லாம்பர்ட் என்னும் பெண்மணி. முதற்கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். 1961இல் 'சன்லைட் ஆன் எ புரோக்கன் காலம்' என்ற நாவலை எழுதிய அத்தியா ஹுசைனின் மகன் இவர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும்.

கதையின் அடிப்படை எளியது. வேற்றுக்கோள் ஒன்றிலிருந்து ஓடிவந்த, 'டாக்டர்' என்று மட்டுமே அழைக்கப்படும் ஒருவர், காலத்திலும் வெளியிலும் பயணம் செய்கிறார். அவருடைய ஊர்தி, புறத்தே ஒரு நீலநிறக் காவல்துறைத் தொலைபேசிக் கூண்டு. அகத்தே எல்லை காண இயலாத மாளிகை. 1966இல் முதல் நாயகர் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் குன்றித் தொடர இயலாமற்போனபோது, அந்த இனத்தார் சாகும் தறுவாயில் உடல் மாறிப் புத்துருக் கொள்வர் என்று ஒரு வழி கண்டு, பேட்ரிக் ட்ரௌட்டனை அவ்விடத்தில் அமர்த்தினார்கள். நாயகன் மாறியும் கதை நின்றுவிடவில்லை. அரை நூற்றாண்டு ஓடியதன் இரகசியம் அதுதான்.

ரசிகர்களின் வழக்கைப் புரிந்துகொள்ள இன்னொன்றும் தெரிய வேண்டும். அறுபதுகளில் எடுத்த பல பகுதிகளின் ஒளிநாடாக்களைப் பி.பி.சி. பின்னாளில் அழித்துவிட்டது. நாடா விலை மிகுந்தது; மறுஒளிபரப்புக்கு வாய்ப்புக் குறைவு; எனவே அழித்துவிட்டு அதன்மேல் வேறொன்றைப் பதிவு செய்தார்கள். ஆனால் அந்நாளில் வீடுகளில் சிறுவர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வாரந்தோறும் ஒலியை மட்டும் பதிந்து வைத்திருந்தனர். காணாமற்போன ஒவ்வொரு பகுதிக்கும் இன்று ஒலி வடிவம் கிடைப்பது அவர்களால்தான். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, 2013 அக்டோபரில், நைஜீரியாவின் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் கண்டெடுத்த ஒன்பது பகுதிகளைப் பற்றிய அறிவிப்பு வந்தது. அதன் பிறகும் 97 பகுதிகள் எஞ்சிய கணக்கில் இருந்தன. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் வரலாற்றை வகுப்பில் சொல்லும் எனக்கு அந்தச் சிறுவர்கள் அயலாராகத் தோன்றவில்லை. உடையவர்களே எறிந்துவிட்ட கதையைக் காத்து வைத்தவர்களுக்கு, அந்தக் கதை எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உண்டு.

1989இல் தொடர் நின்றுபோயிற்று. 1996இல் வந்த ஒரு தொலைக்காட்சிப் படம் தவிர வேறொன்றும் இல்லாமல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 2005 மார்ச்சில் ரஸ்ஸல் டி. டேவீஸ் அதை மீட்டெடுத்தபோது, கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் நடித்த புதிய டாக்டர் தோல் மேலங்கி அணிந்து, சிரிப்புக்குள் ஒரு காயத்தை மறைத்தவராக வந்தார். இடைப்பட்ட காலத்தில் பெரும்போர் ஒன்று நடந்து முடிந்திருந்தது. அதை முடிக்கும்பொருட்டுப் பகைவரான டாலெக்குகளோடு தன் சொந்த இனத்தையும் தன் கையாலேயே அழித்தவர் அவர் என்பது மெல்ல மெல்லத் தெரியவந்தது. அந்த முதற்பருவத்தின் இறுதியில் அதே தெரிவு மீண்டும் அவர்முன் வருகிறது. ஒரு விசையை இயக்கினால் பகைவர் அழிவர். பூமியின் மக்களும் உடன் மாள்வர். அவர் இயக்க மறுத்துவிடுகிறார். கொலைஞனாக இருப்பதைவிடக் கோழையாக இருப்பதைத் தேர்கிறார். அந்த மறுப்பின் கனம், முன்னொருமுறை அவர் இயக்கியிருந்தார் என்பதிலிருந்து வருவது.

சிறப்புப் பகுதியை எழுதிய ஸ்டீவன் மொஃபட் கைவைத்தது இந்த இடத்தில்தான். டாக்டர் தன் பெயரையே துறந்து போரிட்ட ஓர் உருவம் உண்டென்று சொல்லி, ஜான் ஹர்ட்டை அந்த முதியவராக்கினார். பேரழிவுக் கருவியைச் சுமந்து அவர் பாழ்நிலத்துக் குடிலொன்றுக்குள் வருகிறார். அந்தக் கருவிக்கு மனச்சான்று உண்டு. பில்லி பைப்பரின் உருவில் தோன்றி, இதைச் செய்தபின் நீ யாராக மாறுவாய் என்பதை முதலில் பார் என்று எதிர்காலத்தின் வாயிலைத் திறக்கிறது. அங்கே டேவிட் டென்னன்ட், மாட் ஸ்மித் என அவருடைய இரு பின்னுருவங்கள் நிற்கின்றன. அன்று அந்தக் கோளில் எத்தனை குழந்தைகள் இருந்தனர் என்று முதியவர் கேட்க, ஒருவர் எண்ணி வைத்திருக்கிறார்: 247 கோடி. மற்றவரோ தமக்கு நினைவில்லை என்கிறார். இரண்டும் ஒரே துயரத்தின் இரு வயதுகள் என்பது பார்ப்பவர்க்கு விளங்கும்.

முடிவில் மூவரும் சேர்ந்தே விசையை அழுத்தக் கைநீட்டுகையில், உடன்வந்த கிளாரா என்னும் இளம்பெண்ணின் கண்ணீர் அவர்களைத் தடுக்கிறது. வேறு வழி பிறக்கிறது. அதுவரை தோன்றிய எல்லா டாக்டர்களும் வந்து கூடி, ஓவியத்துக்குள் உறைந்த காட்சியைப்போலக் கோளைக் காலத்தின் ஒரு கணத்தில் உறையவைத்து மறைக்கிறார்கள். டாலெக்குகள் தம் குண்டுகளால் தாமே மாய்கின்றன. குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

94 நாடுகளில் ஒரே நேரத்தில் காட்டப்பெற்ற அப்பகுதியைப் பிரிட்டனில் மட்டும் 1 கோடியே 28 இலட்சம் பேர் பார்த்தனர். என் அக்காள் மகன் அப்போது லெஸ்டரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தான். திரையரங்கில் நீண்ட கழுத்துத்துணி சுற்றிய முதியவர்களுக்கும் வில்முடிச்சுக் கழுத்துப்பட்டி கட்டிய சிறுவர்களுக்கும் நடுவே அமர்ந்து பார்த்ததாகத் தொலைபேசியில் சொன்னான். பீட்டர் கப்பால்டியின் கண்கள் மட்டும் ஒரு நொடி தோன்றியபோது அரங்கம் கூவியதாம். அடுத்த டாக்டராக வரவிருந்த கப்பால்டி, பதின்வயதில் இத்தொடரைப் பாராட்டி 'ரேடியோ டைம்ஸ்' இதழுக்கு எழுதிய கடிதம் 1974இல் அச்சாகியிருக்கிறது. ரசிகன் கதைக்குள் நுழைந்துவிட்டான் என்று அறிந்தவர்களின் கூவல் அது. எழுபதுகளின் நாயகர் டாம் பேக்கர் முதுமைக் கோலத்தில் வந்து பேசியபோது, பக்கத்து இருக்கைக்காரர் வெளிப்படையாகவே அழுதாராம். எக்கிள்ஸ்டன் நடிக்க மறுத்துவிட்டதால் ஹர்ட்டின் முகம் மாறத் தொடங்கும் கணத்திலேயே காட்சி வெட்டப்பட்டதில் பலருக்குத் தீராத ஏக்கம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "எல்லாம் நல்லா இருந்தது மாமா. ஆனா அவர் கொல்லவே இல்லைன்னா, எட்டு வருஷமா நாங்க பார்த்த அழுகை பொய்யா?"

அவனைப்போலவே கேட்டவர் பலர். போரில் தூய வழி இல்லை என்று 2005 முதல் சொல்லிவந்த கதை, விழாநாளில் ஓர் இனிப்பைக் கையில் கொடுத்து வாயடைத்துவிட்டது என்றனர் ஒருசாரார். குழந்தைகளைக் கொல்பவன் எப்படி டாக்டராவான், இது திருத்தமன்று, மீட்பு என்றனர் மற்றொரு சாரார். மொஃபட்டும் அந்த நிலைப்பாட்டினரே. முடிந்த கதையைத் திறப்பது நமக்குப் புதிதன்று. இராமன் அடி பட்டு எழுந்த அகலிகையைப் புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் மீண்டும் கல்லாக்கினார். அங்கே மன்னிப்பு திரும்பப் பெறப்பட்டது. இங்கே பழி திரும்பப் பெறப்பட்டது.

மருமகனுக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. அவன் கேள்வி, அவனுடைய ஆச்சி, அதாவது என் தாயார், ஒருமுறை கேட்டதையே நினைவூட்டியது. நான் பிறக்கும் முன்பு எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். மூன்று வயது. தம்பியின் கல்யாணத்துக்காக அவனைப் பாட்டியிடம் விட்டுச் சென்ற அம்மா மறுநாள் திரும்புவதற்குள் மூளைக்காய்ச்சலில் அவன் போய்விட்டான். அதன்பின் அம்மா எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் உட்கார்ந்ததில்லை. முப்பது ஆண்டுகள் கழித்து, குடும்ப நண்பரான மருத்துவர் ஒருவர் நோயின் குறிகளை விசாரித்துவிட்டு, "நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் பிழைச்சிருக்க மாட்டான்மா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அம்மா நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம் நான் அழுததெல்லாம் சும்மாவா?" என்றாள். குற்றமற்றவள் என்ற தீர்ப்பு அவளுக்கு விடுதலையாக வரவில்லை. முப்பதாண்டுகளைப் பறித்துக்கொண்டு போவதைப்போல வந்தது. அதற்குப் பிறகும் அவள் பந்தியில் உட்காரவில்லை.

மொஃபட்டின் கதையில் ஒரு நுட்பம் இதை உணர்ந்திருக்கிறது என்றே கருதுகிறேன். காலச்சுழல்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையால், கோளைக் காத்த செய்தி முதியவருக்கும் நடு உருவத்துக்கும் நினைவில் தங்காது. கடைசியில் வந்தவர் மட்டுமே அதை அறிவார். ஆகவே நானூறு ஆண்டுகள் அவர் தம்மைக் கொலைஞர் என்றே நம்பி வாழ்ந்தது மாறவில்லை. 2005இல் விசையை இயக்க மறுத்த கை, முன்னர் இயக்கியதாக மெய்யாகவே நம்பிய கைதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அழுதவர் அறிந்தது அவ்வளவே. மறதி என்னும் இந்தச் சிறு விதி இல்லாதிருந்தால் எதிர்த்தவர்களின் பக்கமே நானும் நின்றிருப்பேன். இப்போதும் அவர்களின் மனக்குறையில் ஒரு பங்கை ஏற்கிறேன். நூலாசிரியனுக்கு மறதியை அருளும் வசதி உண்டு. மருத்துவரின் சொல்லைக் கேட்ட என் தாயாருக்கு அது கிடைக்கவில்லை. பழி இல்லையென்று தெரிந்தபின் எஞ்சும் ஆண்டுகளை ஒருவன் எப்படி வாழ்கிறான் என்ற கடினமான பகுதியை அந்த விழாக்கதை புன்னகையோடு தாண்டிச் சென்றுவிட்டது.

வழக்கு அதோடு முடியவில்லை. 2020 ஜனவரியில் அதே கோள் மீண்டும் எரிந்து கிடப்பதாகக் காட்டினார்கள். எரித்தவர் டாக்டரின் பழம்பகைவரான மாஸ்டர். அவ்வேடத்தில் நடித்த சாச்சா தவன், 2013இல் தொடரின் தோற்றம் பற்றிய நாடகத்தில் வாரிஸ் ஹுசைனாக நடித்தவர்! அறுபதாம் ஆண்டுக்காக 2023இல் வந்த மூன்று சிறப்புப் பகுதிகளின் முடிவில், டென்னன்ட்டின் உருவம் மறையாமலேயே புதிய டாக்டராக நுகூட்டி கட்வா பிரிந்து தோன்ற, பழையவர் ஒரு குடும்பத்தோடு தங்கி இளைப்பாறத் தொடங்கினார். இழப்பில்லாத மாற்றம் மாற்றமாகுமா என்று உடனே அடுத்த சச்சரவு கிளம்பிற்று. எனக்கோ பத்தாண்டுகளுக்கு முன் தாண்டிப்போன பகுதிக்கு அங்கே ஒரு தொடக்கம் தெரிந்தது. ஓடிக்கொண்டே இருந்தவர், சுமந்ததையெல்லாம் இறக்கிவைத்து ஒரு வீட்டுத் தோட்டத்தில் பிறரோடு மேசையில் அமர்ந்து உண்ணும் காட்சி அது. மருமகனிடம் இதைச் சொன்னபோது, "ஆச்சி பார்த்திருக்கணும்" என்றான்.

பார்க்க விழையும் நண்பர்கள் சிறப்புப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் பதின்மூன்று பகுதிகளை முதலில் பாருங்கள். அந்தத் தோல் மேலங்கிக்காரரோடு சில நாள் பழகிய பின்னர் ஜான் ஹர்ட்டின் முகத்துக்கு வாருங்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன்.