சட்டைக்கு விலை, பெயருக்குமா?

கிரிக்கெட் வீடியோ கேமில் ஒரு பேட்ஸ்மேன் பெவிலியனிலிருந்து இறங்கி வருகிறார். அவர் ஹெல்மெட்டில் இருக்கும் சின்னம் கிரிக்கெட் வாரியத்துக்குச் சொந்தம். ஜெர்சியின் ஓரத்தில் தெரியும் சிறிய முத்திரை அதைத் தயாரித்த கம்பெனியுடையது. நெஞ்சில் பெரிதாக இருப்பது ஸ்பான்சரின் பெயர். பேட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னொரு கம்பெனிக்கு. அதுவும் வாரியத்தோடு அல்ல, வீரரோடு தனியாகப் போட்ட ஒப்பந்தம். 1996 உலகக் கோப்பையில் சச்சின் ஸ்டிக்கரே இல்லாத பேட்டோடு ஆடி 523 ரன் எடுத்தார். சென்னையின் எம்ஆர்எஃப் அந்த பேட்டில் ஏறியது அதற்குப் பிறகுதான். திரையில் உலகக் கோப்பை என்று வர வேண்டுமானால் ஐசிசியிடம் கேட்க வேண்டும், லார்ட்ஸ் மைதானம் வேண்டுமானால் எம்சிசியிடம். இவ்வளவும் போக மிஞ்சுவது அந்த மனிதரின் முகமும் பெயரும். பத்துப் பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் கிரயம் ஆகாத பூர்வீகச் சொத்து போலத்தான் ஒரு கேமில் ஓர் அணியைக் கொண்டுவருவது நடக்கிறது.

இந்தப் பங்குகள் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி விற்பதுதான் தவறு என்பது என் எண்ணம். சின்னமும் ஜெர்சியும் போட்டியின் பெயரும் அவற்றை உருவாக்கியவர்களின் உடைமை. அவர்கள் விலை சொல்லட்டும், தர மாட்டேன் என்றும் சொல்லட்டும். வீரரின் பெயரும் அவர் அடித்த ரன்னும் எடுத்த விக்கெட்டும் அப்படி அல்ல. 2001 மார்ச்சில் சேப்பாக்கம் டெஸ்டில் ஹர்பஜன் சிங் 15 விக்கெட் எடுத்தது நடந்து முடிந்த வரலாறு. அதை எழுத யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. முகம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: அது வீரருடையது, அதற்கான கூலியும் அவருக்கே போக வேண்டும். ஆனால் ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் என்று பூட்டி விற்கக் கூடாது.

உரிமம் பெற்ற கேம்தான் தரமான கேம் என்று சொல்பவர்கள் 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 505 கேம்ஸ் வெளியிட்ட ‘ஆஷஸ் கிரிக்கெட் 2013’ இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வாரியங்களின் முழு உரிமத்தோடு வந்தது. நவம்பரில் ஸ்டீம் இணையக் கடையில் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். மற்ற வடிவங்களையும் ரத்து செய்தார்கள். பந்தைத் துரத்தும் ஃபீல்டர்கூட ஒழுங்காக ஓடாத கேம் அது. அடுத்த ஏப்ரலில் மெல்போர்னின் பிக் ஆன்ட் ஸ்டூடியோஸ் ‘டான் பிராட்மேன் கிரிக்கெட் 14’ஐ வெளியிட்டது. தேசிய அணிகளின் உரிமம் எதுவும் அதற்கு இல்லை. அதற்குப் பதிலாக, வீரர்களையும் அணிகளையும் நாமே உருவாக்கி மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வசதியை வைத்தார்கள். மூக்கின் அகலம் முதல் ரன்அப் வரை ரசிகர்களே செதுக்கினார்கள். ஆடுகிறவர்கள் அவற்றை இறக்கிக்கொண்டார்கள். ரசிகர்கள் கொண்டாடியது எந்த கேமை என்று சொல்லவே வேண்டாம்.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. இஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ 2006 இறுதியில் ஆஷஸ் உரிமத்தோடு வந்தது. அதன் பிறகு அந்த நிறுவனம் கணினிக்குக் கிரிக்கெட் கேமே கொண்டுவரவில்லை. ஆனாலும் இந்தியாவின் எத்தனையோ வீடுகளில் பழைய கணினிகளில் அந்த கேம் இன்றும் ஓடுகிறது என்றால், ஊதியம் வாங்காத ரசிகர்கள் ஆண்டுதோறும் புது அணிகளையும் புது ஜெர்சிகளையும் பேட்ச் போட்டுச் சேர்த்துக்கொண்டே வந்ததுதான் காரணம். கிரிக்கெட்டை உலகிலேயே அதிகம் பேர் பார்க்கும் நாட்டின் நிலை இது. 2023-இல் வந்த ‘கிரிக்கெட் 24’லும் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, அயர்லாந்து அணிகளெல்லாம் உரிமத்தோடு இருக்க, இந்திய தேசிய அணி உரிமம் இல்லாமல்தான் இருந்தது. ரசிகர்களின் கைவேலையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வழியில் வீரருக்கு ஒரு ரூபாயும் சேருவதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

பெயரும் கணக்கும் பொது என்பது நான் மட்டும் சொல்லும் நியாயம் அல்ல. முகமது சிராஜ், அர்ஷ்தீப் சிங் உள்ளிட்ட வீரர்களும் அவர்களோடு ஒப்பந்தம் செய்திருந்த ஒரு நிறுவனமும் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரலில் இதைத்தான் சொன்னது. வழக்கு வீடியோ கேம் பற்றியது அல்ல, டிஜிட்டல் வீரர் அட்டைகள் பற்றியது. ஆனாலும் நியாயம் இங்கும் பொருந்தும். பொதுவில் கிடைக்கும் பெயரையும் ஆட்டக் கணக்கையும் பயன்படுத்தவும், வீரரை ஓவியமாக வரைந்து காட்டவும் பேச்சுரிமையில் இடம் உண்டு, அதில் லாபம் பார்த்தாலும் உண்டு என்றது தீர்ப்பு. அதே நீதிமன்றம் 2003-இல் ஐசிசி தொடுத்த ஒரு வழக்கில், ஆளுமை உரிமை என்பது மனிதருக்கு உரியது, ஒரு போட்டிக்கோ அமைப்புக்கோ அது கிடையாது என்றும் சொல்லியிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே இஏ தயாரித்த கல்லூரி ஃபுட்பால் கேமில் மாணவர்களின் பெயர் இருக்காது. ஜெர்சி எண், உயரம், எடை, சொந்த மாநிலம் எல்லாம் அப்படியே இருக்கும். பெயரை எடுத்துவிட்டால் பணம் கொடுக்க வேண்டாம் என்ற தந்திரம். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வழக்குகள் 6 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தன, கேமும் நின்றுபோனது. 2024-இல் அது திரும்பி வந்தபோது, சம்மதித்த ஒவ்வொரு மாணவருக்கும் 600 டாலரும் கேமின் ஒரு பிரதியும் தரப்பட்டது. இந்த வழக்கு என் வாதத்தை உடைக்கிறது என்று நான் நினைக்கவில்லை. உடலையும் முகத்தையும் நடையையும் அச்சு அசலாக எடுத்துக்கொண்டால் கூலி கொடு என்கிறது அது. அதைத்தான் நானும் கேட்கிறேன். 600 டாலர் குறைவா என்பது வேறு பேச்சு. ஆயிரக்கணக்கானவர்களோடு ஒரே விதிமுறையில் ஒப்பந்தம் போட முடியும் என்பது அங்கே செய்து காட்டப்பட்டுவிட்டது.

வாரியத்தின் வருமானம் குறைந்தால் அடிமட்ட கிரிக்கெட் பாதிக்கப்படாதா என்று கேட்கலாம். 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது; கேம் உரிமம் எவ்வளவு தந்தாலும் அதன் பக்கத்தில் நிற்காது. சின்னமும் ஜெர்சியும் வாரியத்திடமே இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஜெர்சி நாம் நினைக்கும் அளவுக்கு நிலையானதும் அல்ல. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு எதிரான சட்டம் வந்ததும் ஸ்பான்சராக இருந்த ட்ரீம்11 விலகி, இந்திய அணி நெஞ்சில் ஸ்பான்சர் பெயரே இல்லாமல் ஆசியக் கோப்பை ஆடியது. பெயரை எல்லாருக்கும் திறந்துவிட்டால் கண்ட கேமிலும் வீரரை இழுத்துவிடுவார்களே என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அட்டைப் படத்தில் போட்டு விற்பதும், அவரே பரிந்துரைப்பதுபோலக் காட்டுவதும் வேறு குற்றம். ஆளுமையை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ரஜினிகாந்த் வழக்கில் 2015-இலேயே சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது.

கூலியை வாங்கிப் பிரித்துக் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும். இந்தியாவில் சிக்கல் அங்கேதான். பல நாடுகளின் வீரர் சங்கங்கள் உலகக் கிரிக்கெட்டர்கள் சங்கத்தின் மூலம் தங்கள் முகங்களுக்குக் கூட்டாக உரிமம் தர முடிகிறது. அதில் இந்தியா இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரையால் 2019-இல் உருவான இந்தியக் கிரிக்கெட்டர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டுமே. கோலிக்கும் பும்ராவுக்கும் முகவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பாடு அவர்களுக்குத் தெரியும். ரஞ்சியில் தமிழ்நாட்டுக்கு ஆடிக்கொண்டு, ஐபிஎல் ஏலத்தில் விலைபோகாத ஒரு சுழற்பந்து வீச்சாளருக்காக யார் கையெழுத்துப் போடுவது? இந்தியச் சங்கத்தின் கதவை ஆடிக்கொண்டிருக்கும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் திறந்துவிட்டு, கேட்கிற எந்த கேம் கம்பெனிக்கும் ஒரே கட்டணத்தில் முக உரிமம் தரும் அதிகாரத்தை அதற்கு வாரியம் கொடுக்க வேண்டும்.