வாய்க்கால் கரையில் சைக்கிள்

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டுபவர் முதலில் பழக வேண்டியது காற்றோடு. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களில் புகுந்து, பள்ளத்தாக்கின் நீளத்துக்கும் தேனியை நோக்கி வீசுகிறது. தேனிப் பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். உத்தமபாளையத்துக்கு நான் குடிவந்த புதிதில் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டே சொன்னார்: “மேகாத்து காலத்துல விடியவும் மேக்க போயிருங்க தம்பி. பத்து மணிக்கு மேல திரும்புனீங்கன்னா காத்தே தள்ளிக்கிட்டு வந்துரும்.” அன்று முதல் எனக்கு அதுதான் கால அட்டவணை. காலையில் கம்பம், கூடலூர்ப் பக்கம். வெயில் ஏறியதும் வீடு.

இருபுறமும் மலை உயர்ந்து நின்றாலும் நடுவில் தரை ஏறக்குறைய சமம். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் எல்லாம் சுமார் பத்துப் பத்துக் கிலோமீட்டரில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. லோயர் கேம்ப் தாண்டினால்தான் குமுளிக்கு மலைச்சாலை. சென்னையில் பத்துக் கிலோமீட்டர் என்றால் சைக்கிளை நினைத்தே பார்த்ததில்லை. இங்கே முக்கால் மணி நேரத்தில் போய்விடுகிறேன். சந்தை, வங்கி, பஸ் நிலையம் எதற்கும் வேறு வண்டி தேவைப்படவில்லை.

ஆனால் இந்த ஊரை எனக்குக் காட்டியது சாலை அல்ல, வாய்க்கால் கரைகள். 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு முல்லைப் பெரியாறாகக் கீழே ஓடுகிறது. அதை நம்பி 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வயலுக்குத் தண்ணீர் போகும் வழியெல்லாம் ஒரு கரை. கரை இருக்கும் இடமெல்லாம் பெரும்பாலும் ஒரு தடம். ஜூனில் அணை திறந்த பிறகு அந்தத் தடத்தில் போனால் ஒரு பக்கம் நாற்றங்கால், மறுபக்கம் தென்னை. கொஞ்சம் மேட்டுக்கு ஏறினால் திராட்சைப் பந்தல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுக்கக் காய்ப்பது. எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். எதிரே கேரியரில் புல்லுக்கட்டோ பால்கேனோ கட்டிய சைக்கிள் வந்தால் நான்தான் இறங்கி ஒதுங்குவேன். பாரத்தோடு வருபவருக்குத்தான் வழி. மழைக்காலத்தில் மட்டும் இந்தத் தடங்கள் ஆகாது. டிராக்டர் டயர் கிழித்த களிமண்ணில் சக்கரம் புதைந்துவிடும்.

நெடுஞ்சாலை வேறு உலகம். விடிவதற்குள் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் விரைகின்றன. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். அந்த நேரத்தில் சாலை ஓரத்து மண்ணில்தான் சைக்கிள் போக முடியும்.

எனக்கு அதைவிட வருத்தம், அதே ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் போவதுதான். தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியினப் பதினொன்றாம் வகுப்பு மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் அதே வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிவாக்கியது. பஸ் வராத கிராமத்துப் பெண் மேல்நிலைப் பள்ளிக்குப் போக அந்த சைக்கிள் உதவியதை இந்தப் பள்ளத்தாக்கில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். மிகப் பெரிய காரியம் அது. சைக்கிள் கிடைத்துவிட்டது, அது ஓடுவதற்கான பாதை இன்னும் கிடைக்கவில்லை.

நெதர்லாந்தைச் சைக்கிள் நாடு என்கிறோம். அங்கேயும் 1971இல் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அரசு சைக்கிளுக்குத் தனிப்பாதை போடத் தொடங்கியது. பிள்ளைகளின் பெயரால் கேட்டு வாங்கிய பாதைகள் அவை.

இங்கே புறவழிச்சாலைகள் வந்த பிறகு, தொலைதூர வண்டிகள் ஊருக்குள் நுழையத் தேவையில்லை. ஊர்களுக்குள் போகும் பழைய சாலையில் ஒரு கீற்று அகலத்தைச் சைக்கிளுக்கென்று கோடு போட்டு ஒதுக்கலாம்; ஏற்கெனவே தடமுள்ள வாய்க்கால் கரைகளில் களிமண் மேல் கிராவல் கொட்டி இறுக்கலாம். இரண்டுக்கும் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் வரை முதலில் செய்து பார்க்கட்டும். காலை எட்டு மணிக்கு அந்தச் சாலையில் சீருடையோடு மிதித்துப் போகிறவர்களைப் பார்த்தாலே எங்கிருந்து தொடங்குவது என்று அதிகாரிகளுக்குத் தெரிந்துவிடும்.