பனிமலைப் பாதையில் – 4: மூன்று ஜோடி சாக்ஸ்

டாங்மார்க்கில் வண்டி மாறினோம். அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர்தான். ஆனால் பனி விழுந்துவிட்டால் சக்கரத்தில் சங்கிலி சுற்றிய வண்டிதான் அந்த ஏற்றத்தில் ஏறும். சில்லாய் கலான் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. டிசம்பர் 21-இல் தொடங்கி 40 நாள் நீடிக்கும் கடுங்குளிருக்குக் காஷ்மீரிகள் வைத்த பெயர் அது. முடிந்துவிட்ட செய்தி என் மூக்குக்கு மட்டும் எட்டவில்லை.

இறங்கியதும் ஸ்லெட்ஜ்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மரப்பலகையில் நாம் உட்கார்ந்தால் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். ஒரு மனிதர் மூச்சிரைக்க இழுக்க, நான் சாய்ந்து உட்கார்ந்திருப்பதா? ஸ்கீ பழக வந்தவன் என்று சொல்லி நழுவினேன்.

வாடகைக் கடையில் பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பூட்ஸ் கொடுத்தார்கள். கெட்டி பிளாஸ்டிக் கூடு, நாலு கொக்கி. மாட்டினால் கணுக்கால் மடங்காது. நான் நடந்த நடையைப் பார்த்த பயிற்சியாளர், "சார், உள்ளே எத்தனை சாக்ஸ்?" என்று இந்தியில் கேட்டார். மூன்று ஜோடி. குளிருக்குப் பயந்து ஊரிலேயே போட்டிருந்த திட்டம். இரண்டைக் கழற்ற வைத்தார். இறுக்கினால் ரத்தம் ஓடாது, விரல்தான் முதலில் விறைக்கும் என்றார். கால் மணி நேரத்தில் கால்விரல்களுக்கு உணர்வு திரும்பியது.

பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியை ஸ்கீ கம்பால் சுரண்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கீ பலகையில் பூட்டு விழாது. நுனிக்கால், பிறகு குதிகால். 'டக்'. அவ்வளவுதான், என் கால் இரண்டும் என்னுடையவை அல்ல.

கொண்டோலா என்ற கம்பிவட வண்டியில் ஏறிப் போகிறவர்கள் இடைநிலையமான கோங்தூரி தாண்டி, ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் அபர்வத் மலைச் சரிவில் இறங்குவார்கள். எனக்கு வாய்த்தது தென்னை உயரம்கூட இல்லாத ஒரு மேடு. முதல் பாடம் விழுவது: மேட்டுப் பக்கமாக, பக்கவாட்டில். அடுத்தது நிற்பது: பலகைகளின் முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்த வேண்டும். பயம் வந்தால் உடம்பு பின்னால் சாயும். சாய்ந்தால் முனைகளில் எடை குறைந்து, பலகை சொன்ன பேச்சு கேட்காது. முழங்காலை மடக்கி, கணைக்கால் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்த நிற்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்தபடி பள்ளத்தை நோக்கியே சாய்வதற்கு மனசு லேசில் சம்மதிப்பதில்லை.

ஒன்பது முறை விழுந்தேன். பத்தாவது முறை நானாக நின்றேன். சறுக்கியது என்னவோ பத்து விநாடி. திரும்ப மேலே போக, பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து நண்டு நடையில் பத்து நிமிடம். ஸ்கீ என்பது பெரும்பாலும் ஏறுவதுதான் என்று யாராவது முன்னமே சொல்லியிருக்கலாம்.

நாலு மணிக்குத் தொடை நடுங்கியது. விடுதி அரை கிலோமீட்டர். காலையில் பார்த்த ஸ்லெட்ஜ்காரர் கயிற்றைத் தோளில் போட்டபடி அங்கேயே நின்றிருந்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.