அருவிக்கு மேலே

கனடாவின் ராக்கி மலைகளில் சாலை 93, வடக்கு. லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டர். ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்று பெயர். குளிர்காலத்தில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே பெட்ரோல் கிடையாது. பெரும்பகுதியில் போனுக்கு சிக்னலும் கிடையாது. நவம்பர் முதல் மார்ச் முடிய குளிர்கால டயர் கட்டாயம். கால்கரியிலிருந்து விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் வெளிச்சம் வரும்போது நாங்கள் ஏறும் உறைந்த அருவிகளின் அடியில் இருக்கலாம். நிரம்பிய டாங்க், மண்வாரி, தூக்கப் பை, ஃப்ளாஸ்க்கில் டீ, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் வண்டியை எடுப்பதில்லை.

கிளம்பும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெரும்பனி பெய்தபின், மேலே தேங்கியதை வெடிவைத்து இறக்குவதற்காகச் சாலையை மூடிவிடுவார்கள்.

*

வீப்பிங் வால். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பத்து நிமிட நடை. சிர்ரஸ் மலையின் அடியில் கீழ்ச்சுவர் மட்டுமே 180 மீட்டர் உயரம். கோடையில் பாறை முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும் நீர், கார்த்திகை வாக்கில் அப்படியே நின்றுவிடுகிறது. முதல்முறை பார்த்தபோது கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நின்றேன். அருவி விழும் ஓசை இல்லை. ஆனால் ஐஸின் உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காதை ஒட்டி வைத்தால் இப்போதும் கேட்கும்.

*

ஐஸின் நிறம். நீலமானது காற்றில்லாமல் இறுகியது, ஐஸில் திருகி இறக்கும் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்கும். வெள்ளையில் காற்று கலந்திருக்கும். மஞ்சள், தண்ணீரில் வந்த தாதுக்களின் நிறம். கோடரியால் தட்டினால் ‘தொம்’ என்று கனத்துக் கேட்க வேண்டும். பானையைத் தட்டியதுபோல் கேட்டால் பின்னால் வெற்றிடம்.

மைனஸ் 5 முதல் 10 டிகிரி வரை ஐஸ் நல்ல குணத்தில் இருக்கும்; ஒரே அடியில் முனை பதிந்து நிற்கும். மைனஸ் 25-ல் அதே ஐஸ் கண்ணாடி. அடித்த இடத்தைச் சுற்றித் தட்டு தட்டாகப் பெயர்ந்து முகத்தில் விழும். இன்னும் மோசமானது திடீர்க் குளிர். தரையைத் தொட்டு நிற்கும் தூண்கள் சுருங்கப் பார்க்கும், மேலும் கீழும் ஒட்டியிருப்பதால் சுருங்க முடியாது. உள்ளே விசை ஏறிக்கொண்டே போகும். அந்த நிலையில் ஒரு கோடரி வீச்சு போதும், தூண் குறுக்கே உடைவதற்கு. ஒரே இரவில் 15 டிகிரி இறங்கினால் அடுத்த நாள் தூண்கள் பக்கம் போகாதே என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். இன்றுவரை மீறியதில்லை.

*

தமிழில் எல்லாமே பனி. புல்லில் முத்தாகக் கிடப்பதும் பனி, காற்றில் வெள்ளையாக நிற்பதும் பனி, வானத்திலிருந்து பஞ்சாக இறங்குவதும் பனி. முதலில் இது குறையாகப் பட்டது. இங்கே சில வருடம் போனபின் அப்படித் தோன்றவில்லை.

ஊட்டியில் ஜனவரி காலையில் புல்வெளி வெள்ளை பூத்திருக்குமே, உறைபனி, அதற்கு என்ன வேண்டும்? மேகமில்லாத வானம், அசையாத காற்று, நீண்ட இரவு. அதே மூன்றும் சேரும்போது ராக்கி மலைச்சரிவுகளில் கிடக்கும் பனியின் மேலும் பனி பூக்கிறது. இறகு இறகாக, விரல்நீளம்கூட வளரும். சறுக்கிப் போனால் கண்ணாடிச் சில்லுகள் உரசுவதுபோல் மெல்லிய ஓசை. இந்தக் குளிர்காலத்தில் இதைவிட அழகான ஒன்றை நான் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அதன்மேல் 40 சென்டிமீட்டர் புதுப்பனி பெய்கிறது. இறகுகள் உடையாமல் நின்றபடியே புதைந்துவிடுகின்றன. மேலே கனத்த பலகை, அடியில் நிற்கும் இறகுகள். வாரக்கணக்கில் அப்படியே காத்திருக்கும். ஒரு மனிதனின் எடை போதும், பலகை உடைந்து பனிச்சரிவாக இறங்க.

*

ராக்கி மலைகளில் அடிக்கடி வரும் இன்னொரு தொல்லை, அடிப்பனி. இங்கே பனி மெல்லிசாகப் பெய்யும், குளிர் கடுமையாக இருக்கும். தரை ஏறத்தாழ பூஜ்யம் டிகிரி, மேற்பரப்பு மைனஸ் 25. நடுவில் அரை மீட்டர் பனிதான். அவ்வளவு குறுகிய தூரத்தில் அவ்வளவு வேறுபாடு இருந்தால், அடியிலிருந்து நீராவி மேலேறிப் பனித்துகள்களைக் கோண முகங்கள் கொண்ட படிகங்களாக மாற்றிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல் விரலிடுக்கில் வழியும், உருண்டை பிடிக்க வராது. நவம்பரில் உருவாகும் இந்தச் சர்க்கரையின் மேல்தான் ஏப்ரல் வரை மொத்தக் குளிர்காலமும் அமர்ந்திருக்கிறது.

*

ஐஸ் ஏறுபவர்கள் ஐஸையே பார்க்கிறோம். கண்ணுக்கு முன் ஒரு முழம் தூரத்தில் இருப்பது அதுதானே. ஆனால் அருவி ஏன் அங்கே இருக்கிறது? மேலேயுள்ள பரப்பின் தண்ணீரெல்லாம் அந்த இடுக்கில் வந்து சேர்வதால். தண்ணீர் வந்த வழியாகத்தான் பனியும் வரும்.

கை லசெல் கனடாவின் மிகச் சிறந்த ஐஸ் ஏறுநர்களில் ஒருவர். கயிறில்லாமல் தனியாக அவர் ஏறிய அருவிகளின் பட்டியல் நீளம். 2009 டிசம்பரில் மொன்டானாவின் ஹையலைட் பள்ளத்தாக்கில், மேலே இருந்த வேறொரு குழு கிளப்பிவிட்ட சிறிய பனிச்சரிவு அவரை அடித்துக்கொண்டு போனது. பெரிய சரிவல்ல. இடுக்கில் நிற்பவனுக்குச் சிறியதே போதும்.

2019 ஏப்ரலில் ஹௌஸ் சிகரம். டேவிட் லாமா, ஹான்ஸ்யோர்க் அவுவர், ஜெஸ் ராஸ்கெல்லி என்ற மூன்று ஏறுநர்கள். உச்சியைத் தொட்டதற்குப் போனில் படங்கள் இருந்தன. பனிச்சரிவில் சிக்கி மூவருமே திரும்பவில்லை. பார்க்வேயில் போகும்போது அந்தச் சிகரம் தெரியும் வளைவில் பேச்சு தானாக நின்றுவிடுகிறது.

*

போலார் சர்க்கஸ். 700 மீட்டர், 1975-ல் முதலில் ஏறப்பட்டது. ஐஸ் படிகளுக்கு நடுவே பனி மூடிய சாய்வுகளைக் கடந்து நடக்க வேண்டும். தலைக்குமேல் பெரிய கிண்ணம்போல் மலை குழிந்திருக்கிறது. மூன்று வருடமாக அதற்காகப் பயிற்சி செய்தோம், நானும் என் கயிற்றின் மறுமுனையில் இருக்கும் தம்பியும். பெற்றோர் யாழ்ப்பாணம், அவன் பிறந்தது டொரன்டோ. போன பிப்ரவரியில் எல்லாம் கூடி வந்தது. அன்றைய பனிச்சரிவு அறிக்கையில் அபாய அளவு இரண்டு, ஐஸ் நல்ல தடிமன், வானம் துல்லியம். அடிவாரத்தில் காலணியில் க்ராம்பான் முட்களைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, மேல பாருங்கோ.”

முகட்டிலிருந்து வெள்ளைக் கொடிபோல் பனி பறந்துகொண்டிருந்தது. கீழே எங்கள் முகத்தில் காற்றே இல்லை. மேலே காற்று பனியை வாரிக்கொண்டு வந்து அந்தக் கிண்ணத்தில் கொட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

“வேண்டாம் அண்ணை. இண்டைக்கு வேண்டாம்.”

திரும்பினோம். அன்று அந்தக் கிண்ணம் இறங்கியதா, தெரியாது. அவன் இருபத்தாறு வயதுக்காரன், எத்தனை ஆசையோடு வந்தான் என்று எனக்குத் தெரியும். சொல்ல அவனுக்கு வாய் வந்ததே, அதை எழுதி வைக்க வேண்டும்.

*

ராஜர்ஸ் பாஸ். மலைச்சறுக்குக்கு இதைப்போல் இடம் குறைவு, இதைப்போல் கடுமையான விதிகள் உள்ள இடமும் குறைவு. டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலைமேல் 130-க்கும் மேற்பட்ட பனிச்சரிவுப் பாதைகள் இறங்குகின்றன. சாலையைக் காக்க ராணுவம் 105 மில்லிமீட்டர் பீரங்கியால் மலையைச் சுடுகிறது. அதனால் ஒவ்வொரு காலையும் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று அறிவிப்பார்கள், உள்ளே போக அனுமதிச்சீட்டு வேண்டும். மூடிய பகுதியில் ஒருவன் நுழைந்தாலும் சுடுவது நிற்கும், நெடுஞ்சாலை காத்துக் கிடக்கும். சீட்டு வாங்குவதைத் தொந்தரவு என்று சலித்துக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

1910 மார்ச் 4 இரவு, தண்டவாளத்தில் விழுந்த ஒரு பனிச்சரிவை வாரிக்கொண்டிருந்தவர்கள்மேல் எதிர்ப்பக்கத்து மலையிலிருந்து இன்னொன்று இறங்கியது. 58 பேர் இறந்தார்கள். அதில் 32 பேர் ஜப்பானிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கூலிக்குக் கடல் கடந்தவர்களின் கதை நமக்கும் தெரியும். அந்த எண்ணைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

2003 பிப்ரவரியில் இதே கணவாயில் 7 பள்ளி மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான், அன்றைய பனி எப்படி என்பதோடு, நிலமே எவ்வளவு ஆபத்தானது என்று எளிது, சவால், சிக்கல் என்ற மூன்று படிகளில் வகுக்கும் முறை வந்தது. பனி நாளுக்கு நாள் மாறும், நிலம் மாறாது. வரைபடத்தில் முதலில் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளுக்கு வண்ணம் அடித்துவிட்டுத்தான் வழி தேடுகிறேன்.

*

ஸ்கின். ஸ்கீயின் அடியில் ஒட்டும் மயிர்ப்பட்டை. முன்னால் வழுக்கும், பின்னால் பிடிக்கும். ஒரு காலத்தில் கடல்நாய்த் தோல், இப்போது நைலான், அல்லது அங்கோரா ஆட்டு மயிர். கடுங்குளிரில் பசை செத்துவிடும். இறங்கும்போது கழற்றி ஜாக்கெட்டுக்குள் நெஞ்சோடு வைக்கவும். மீறியும் ஒட்டாவிட்டால் ரப்பர் பட்டையால் கட்டு. இரண்டு பட்டை எப்போதும் பையில்.

*

புதைந்தவரைத் தேட ட்ரான்சீவர், குத்திப் பார்க்க ப்ரோப், தோண்ட மண்வாரி. மூன்றும் எல்லோரிடமும். ட்ரான்சீவருக்கு 457 கிலோஹெர்ட்ஸ், உலகெங்கும் ஒரே அலைவரிசை, எந்த நாட்டுக்காரனையும் எந்த நாட்டுக்காரனும் தேடலாம். போன் ட்ரான்சீவரிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், தேடும்போது 50. புதைந்தவருக்கு முதல் பத்து நிமிடம்தான் பெரிய நம்பிக்கை. அதற்குள் அங்கே வந்துசேரக்கூடியவர் பக்கத்தில் நிற்கும் நண்பர் மட்டுமே. தோண்டுவதில்தான் அதிக நேரம் போகிறது. ஆகவே வாரி உலோகமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாரி இறுகிய பனியில் வளைந்துகொடுக்கும்.

ஐஸ் ஏறப் போகும்போது பலர் இவற்றை வண்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். சுவரில் இருக்கும்போது சரிவு அடித்தால் விழுவதே கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். சரிதான். ஆனால் அடிவாரம் வரை நடக்கிறோமே, திரும்பி நடக்கிறோமே? நான் விடுவதில்லை.

*

கையுறை மூன்று ஜோடி. நடக்க மெல்லியது, ஏற நடுத்தரம், கயிறு பிடித்து நிற்கும்போது தடித்தது. உறைந்த விரல்களுக்கு ரத்தம் திரும்பும் வலியில் பெரிய மனிதர்கள் கண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறேன். ஏறுபவர்கள் அதற்கு ஸ்க்ரீமிங் பார்ஃபீஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்: கத்தவும் தோன்றும், குமட்டவும் செய்யும்.

*

கயிற்றில் இறங்குவதற்கு அபலக்கோவ் பிடிமானம். 22 சென்டிமீட்டர் ஸ்க்ரூவால் இரண்டு துளை, உள்ளே ‘வி’போல் சந்திக்க வேண்டும்; கயிற்றுத் துண்டை நுழைத்துக் கொக்கியால் இழுத்து முடிச்சு. சோவியத் ஏறுநர் விதாலி அபலக்கோவின் பெயர். இரண்டு துளைகளும் சந்திக்கும் இடத்தை விரலளவு தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. சமையலறை ஃப்ரீசரில் வாளித் தண்ணீரை உறையவைத்துப் பழகியது இப்போது கைகொடுக்கிறது.

*

வியாழன் இரவு அறிக்கை: மரக்கோட்டுக்கு மேல் அபாய அளவு நான்கு. புதைந்த இறகுப்படிவம் இன்னும் விழிப்பாக இருக்கிறது. பார்க்வே வேண்டாம்.

சனிக்கிழமை ஜான்ஸ்டன் கேன்யன், மேல் அருவி. சுற்றுலாப் பாதையில் ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நடை, கூட்டம் இருக்கும், கயிறு போட வரிசையில் நிற்க வேண்டிவரும். அருவிக்கு மேலே காடுதான். தம்பிக்குச் செய்தி அனுப்பியாயிற்று. க்ராம்பான் முனைகளுக்கு அரம் போட வேண்டும், ஈரமான கயிறு குளியலறையில் காய்கிறது.