தாண்டிப் போகும் இலக்கம்

பில் புத்தகத்தில் 4316க்கு அடுத்த தாள் 4318 என்று இருந்தால் கடைக்காரர் பாடு திண்டாட்டம். நடுவில் இருந்த தாளைக் கிழித்து ஒளித்துவிட்டார் என்றுதான் கணக்குப் பார்க்க வருபவர் முதலில் நினைப்பார். கோயில் அர்ச்சனைச் சீட்டு, தேவாலயத் திருவிழாப் பற்றுச்சீட்டு, மரண உதவிச் சங்கத்தின் சந்தாப் புத்தகம், எல்லாவற்றிலும் இதே பிரச்சினைதான். எழுத்து கொஞ்சம் மங்கினால் மன்னிப்பார்கள். இலக்கம் தவறினால் ஒரு மனிதரின் நேர்மையே கேள்விக்குள்ளாகிவிடும். அதனால் கொழும்பு மட்டக்குளியில் எங்கள் வீட்டு முன்னறையில் நிற்கும் ட்ரெடில் மெசினில் என் கண் எப்போதும் அந்தச் சின்ன நம்பரிங் பெட்டியிலேயே இருக்கும்.

அப்பாவின் மெசின் அது. வார்ப்பிரும்பு உடம்பு, பக்கத்தில் பெரிய சக்கரம், கீழே கால் மிதி. எழுத்துக் கோத்த சட்டம் நிமிர்ந்து நிற்க, கடதாசி வைத்த தட்டு வந்து அதில் அழுந்தித் திரும்பும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் ஜோர்ஜ் கோர்டன் என்பவர் இந்த வகையை வடிவமைத்தார். அச்சுத்தொழில் எங்கள் ஊருக்கு அதற்கும் முந்தியது; கொழும்பில் ஒல்லாந்தர் 1737இலேயே புத்தகம் அச்சிட்டார்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரி நாளிதழின் அச்சகம் எங்களுக்குப் பக்கத்துக் கிராண்ட்பாஸில்தான் இருந்தது. எழுத்துக் கோக்கும் வேலையை ஓஃப்செட் கொண்டுபோய்விட்டது. ஆனால் இலக்கம் போடவும், கிழிக்கும் இடத்தில் துளைக்கோடு போடவும், அட்டையில் மடிப்புக்கோடு இழுக்கவும் ட்ரெடில் இன்றைக்கும் நல்ல கருவி.

நம்பரிங் பெட்டிக்குள் ஒரே அச்சாணியில் வரிசையாக உருக்குச் சில்லுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை. முன்னால் ஒரு பொத்தான், எழுத்தைவிடக் கொஞ்சம் உயரமாக. தட்டு வந்து அழுத்தும்போது பொத்தான் உள்ளே போகும். விலகும்போது ஸ்பிரிங் அதை வெளியே தள்ளும். அந்தப் போக்குவரத்தில் ஒரு கொக்கி ஒன்றின் இடத்துச் சில்லை ஒரு பல் நகர்த்தும். அந்தச் சில்லில் ஒரே ஓரிடத்தில் வெட்டு ஆழமாக இருக்கும். முன்னோக்கி எண்ணும் பெட்டியில் 9 முடியும் நேரம் கொக்கி அந்த ஆழத்தில் விழ, பக்கத்துச் சில்லையும் கொக்கியின் அடுத்த பல் பிடித்துக்கொள்ளும். பத்து, நூறு, ஆயிரம் எல்லாம் இப்படித்தான் ஏறும். இதை முதன்முதல் யோசித்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பு.

இலக்கம் நகராமல் அதே எண் இரண்டு தரம் விழுந்தால் பொத்தான் முழுதாக அழுந்தவில்லை, அல்லது ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. ஒன்றைத் தாண்டிப் போனால் அனேகமாகக் குற்றவாளி ரோலர். மை பூசப் போகும் ரோலர் பதிவாக ஓடினால், உயர்ந்து நிற்கும் பொத்தானைத் தானே அமுக்கிவிடும். தட்டு வந்து இன்னொரு தரம் அமுக்கும். ஒரு தாளுக்கு இரண்டு எண் நகர்ந்துவிடும். பெட்டியைக் கழற்றி வைத்து அதற்குள் எத்தனை நாள் தேடினாலும் பிழை அகப்படாது. "மகன், பெட்டியத் திறக்கிறதுக்கு முதல் ரோலர் என்ன செய்யுதெண்டு பார்" என்பார் அப்பா. ரோலர் ஓடும் தண்டவாளத்தில் பிளாஸ்டர் நாடா ஒட்டி அதை மயிரளவு உயர்த்தினால் இலக்கம் ஒழுங்காகும்.

ரோலர் ஏன் பதிவாகிறது என்பதற்கு இந்த ஊரின் காற்றும் ஒரு காரணமாக இருந்தது. களனி ஆறு கடலில் சேரும் இடம் எங்களுக்கு எட்டிய தூரம்; காக்கைதீவுப் பக்கமிருந்து உப்புக்காற்று வரும். பழைய ரோலர்கள் வச்சிரமும் பாகும் காய்ச்சி வார்த்தவை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். இப்போதைய இரப்பர் ரோலர் அப்படி ஊதாது. ஆனால் வேலை முடிந்தபின் மைத்தட்டோடு ஒட்டியபடி விட்டால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். கழற்றி நிமிர்த்தி வைக்க வேண்டும். இரும்பைக் காப்பாற்ற எண்ணெய்த் துணியால் ஒற்றி, பழைய பருத்திச் சேலையால் மூடுவோம். பொலித்தீன் போடக் கூடாது. உள்ளே ஈரம் தங்கித் துரு பிடிக்கும்.

தட்டுக்குப் பின்னால் நான்கு போல்ட்டுகள் இருக்கின்றன. அழுத்தத்தை அவைதான் தீர்மானிக்கின்றன. அச்சு ஒரு மூலையில் மங்கினால் பலருக்கும் ஸ்பனர் எடுத்து அவற்றைத் திருகத்தான் மனம் வரும். நான்கையும் மறுபடி ஒரே சமனுக்குக் கொண்டுவருவது பெரிய பாடு. மூலை மங்குவதற்குப் பெரும்பாலும் தட்டில் விரித்த கடதாசி மெத்தை தேய்ந்ததே காரணம். துளைக்கோடு போடும் உருக்குத் தகடு அதை வெட்டி வெட்டிப் பள்ளமாக்கும். மெத்தையை மாற்றி, மங்கும் இடத்தில் மெல்லிய தாளொன்றை ஒட்டினால் போதும். அந்தத் தகடு ரோலரையும் கீறும், அதனால் துளைக்கோட்டைத் தனி ஓட்டமாக, ரோலர்களைக் கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் என் பழக்கம். எந்தச் சோதனைக்கும் முன்னால் சக்கரத்தை முற்றாக நிறுத்திவிட வேண்டும். அந்தத் தட்டு விரலென்றும் கடதாசியென்றும் பார்க்காது.

ஸ்பிரிங் உடைந்தால் பஞ்சிகாவத்தைக்குப் போவேன். வாகன உதிரிப்பாகக் கடைகளில் பொறுமையாகத் தேடினால் பொருந்துகிற கம்பி கிடைக்கும். ஆனால் நம்பரிங் பெட்டி கெடுவதற்குப் பெரிய காரணம் உடைவல்ல, காய்ந்த மை. ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பொத்தானை அமுக்கி அமுக்கிப் பல்தூரிகையால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட வேண்டும். கெட்டியான எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாகி, அடுத்த வேலையில் சில்லை இறுக்கிவிடும்.

இவ்வளவு பார்த்தும் சில தாள்கள் பழுதாகத்தான் செய்யும். எங்கள் பெட்டி பின்னோக்கி எண்ணுவது. கடைசி எண்ணில் தொடங்கி ஒன்றுக்கு இறங்கும். அச்சான தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போது 1 மேலே வந்து நிற்கும், மீண்டும் அடுக்க வேண்டியதில்லை. ஓட்டம் முடிந்ததும் கட்டை விளிம்போரம் விசிறி, விடுபட்ட எண்களைத் துண்டுத்தாளில் குறித்துக்கொள்வேன். பிறகு ஊசிமுனையால் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, 4317 என்று நிறுத்தி, இலக்கம் போடாத தாளில் அந்த ஒரு இலக்கத்தை மட்டும் அடித்து, மை காய்ந்தபின் அதன் இடத்தில் செருகுவேன். அதற்குப் பிறகுதான் பைண்டிங்குக்குக் கொடுப்பது.