வேப்பமர நிழலில் ஒரு தோட்டம்

மன்னார்ப் பாலத்தைக் கடந்து தீவுக்குள் வந்தால் பனையும் மணலும்தான் கண்ணில் படும். வீதியெங்கும் கழுதைகள். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைப் பார்க்க வருகிறவர்கள், இந்த மண்ணில் வீட்டுத்தோட்டம் சரிவருமா என்று கேட்பதுண்டு.

பேசாலைப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். 1990இல் பிள்ளைகளோடு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் இருந்தவர். யுத்தம் முடிந்து திரும்பியபோது வீடு இல்லை. கிணறும், கணவர் நட்ட வேம்பும் மட்டும் நின்றன. கணவர் திரும்பவில்லை.

கனடாவிலுள்ள தங்கை ஒருநாள் ஹொஸ்தா என்ற செடியின் படம் அனுப்பினாராம். மரநிழலில் அகன்ற, அழகான இலைகள். "தங்கச்சி, இது இஞ்ச வருமே?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

வராது. ஜப்பான், கொரியா, சீனா அதன் தாயகம். குளிர்காலத்தில் இலை பட்டு, வேர் மண்ணுக்குள் உறங்க வேண்டும். அந்தக் குளிர் நம்மிடம் இல்லை. ஆனால் நிழல் இருக்கிறதே! சூடான நாட்டுக்கு ஏற்ற வண்ணச்சேம்பு அதே அழகைத் தரும். அதன் கிழங்கும் வரண்ட மாதங்களில் உறங்கி, மழையோடு துளிர்க்கும்.

அக்கா வேம்பின் கீழ் நிலத்தில் நடவில்லை. மரவேர் நீரை உறிஞ்சிவிடும் என்பதால் பழைய உரப்பைகளில் நட்டார். அடியில் தேங்காய்ப் பொச்சு, மேலே மணலோடு ஆட்டெரு, காய்ந்த சருகு. வெயில் சற்று விழும் ஓரத்தில் இஞ்சி, மஞ்சள். கிணற்றடி ஈரத்தில் வல்லாரை. கழுதைக்கும் சோளகக் காற்றுக்கும் கிடுகு வேலி.

கோடையில் கிணற்று நீர் உவர்த்து இலை ஓரம் கருகியது. இப்போது மாரி மழைநீரைப் பரலில் சேர்க்கிறார். அரிசி கழுவிய நீரையும் வீணாக்குவதில்லை. வல்லாரைப் பிடிகளை அயலில் விற்று மகளின் கொப்பி செலவைப் பார்க்கிறார்.

"வீடு கட்டி முடிய இன்னும் காலம் எடுக்கும். அதுவரைக்கும் இதுதான் என்ர முன் விறாந்தை" என்றார். புறப்படும்போது ஒரு சேம்பங்கிழங்கைப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார்.

சகோதரிகளே, உங்கள் வளவிலும் ஒரு மரம் தப்பி நிற்கலாம். அதன் அடியில் இரண்டு பைகளோடு தொடங்கிப் பாருங்கள்.